தள்ளாடும் பிராசசர்: ஓவர்கிளாக் கோளாறுகளும் ஆரணியின் வடிவமைப்பு அறையும்

உற்பத்தியாளர் உறுதியளித்த வேகத்துக்கு மேல் பிராசசரை ஓட்டுவதே ஓவர்கிளாக். 4 கிகாஹெர்ட்ஸ் என்று விற்ற சில்லை 4.6 கிகாஹெர்ட்ஸில் ஓட்டினால் நொடிக்கு 60 கோடி துடிப்புகள் கூடுதலாகக் கிடைக்கும். காசில்லாமல் வரும் வேகம் என்பதால் 1990களிலிருந்தே இதற்கு மவுசு உண்டு. அப்படி வேகம் கூட்டிய கம்ப்யூட்டர் வேலையின் நடுவே ஹேங் ஆகி நிற்பது, தானாக ரீஸ்டார்ட் ஆவது, நீலத்திரை காட்டுவது, திறந்திருந்த மென்பொருள் சொல்லாமல் மூடிக்கொள்வது ஆகியவற்றை நிலையின்மை என்று பொதுவாகச் சொல்கிறார்கள். இந்த வரிசையில் ஒன்று விட்டுப்போகிறது. கம்ப்யூட்டர் எந்தக் கோளாறையும் காட்டாமல் தவறான விடையைத் தந்துவிடுவதும் நிலையின்மைதான். பிழைப்புக்கு நம்பியிருக்கும் இயந்திரத்தில் மற்ற எல்லாவற்றையும்விட அதிகக் கேடு செய்வது அது.

திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் ஆரணி, புவிசார் குறியீடு பெற்ற பட்டுச் சேலைகளின் ஊர். தறிக்கும் கம்ப்யூட்டருக்கும் உறவு ஏற்பட்டது வடிவமைப்பு அறை வழியாக. முன்பெல்லாம் கரை, முந்தி, புட்டா எல்லாவற்றையும் கட்டத்தாளில் வரைந்து, அதைப் பார்த்துப் பார்த்து அட்டையில் துளை அடித்து, அட்டைகளைக் கோத்து ஜக்கார்டு பெட்டியில் ஏற்றினார்கள். இன்று பட்டு நெசவு ஊர்களில் அந்தக் கட்டத்தாள் மென்பொருளுக்குள் போய்விட்டது. அங்கே வரைந்த படம் அட்டை அடிக்கும் இயந்திரத்துக்கோ, பென் டிரைவ் வழியாக எலக்ட்ரானிக் ஜக்கார்டுக்கோ போகிறது. 240 கொக்கி உள்ள பெட்டிக்கான படத்தில் ஒவ்வொரு வரியிலும் 240 கட்டங்கள் இருக்கும். ஒரு கட்டத்துக்கு ஒரு கொக்கி, ஒரு வரிக்கு ஓர் ஊடை. கட்டம் நிரம்பியிருந்தால் கொக்கி எழும்பும். காலியாக இருந்தால் எழும்பாது. கம்ப்யூட்டருக்குள் அந்தக் கட்டம் ஓரிரு பிட்டுகளில் அடங்கிவிடுகிறது. பிட் மாறிப் பதிவானால் தறியில் ஒரு கொக்கி தப்பாக எழும்பும். கரையின் ஒரு சுற்று 10 சென்டிமீட்டர் நீளம் என்றால், ஐந்தரை மீட்டர்ச் சேலையில் அதே பிழை 55 இடங்களில் விழும்.

ஆகவே ஓவர்கிளாக் கோளாறை ஆராயும்போது, ‘கம்ப்யூட்டர் நிற்காமல் ஓடுகிறதா?’ என்ற கேள்வி போதாது. ‘சரியாகக் கணக்கிடுகிறதா?’ என்பதுதான் அளவுகோல். கீழே விளக்கப்படும் முறை முழுவதும் இந்த அளவுகோலை வைத்தே அமைகிறது.

வேகமும் வோல்டேஜும் வெப்பமும்

பிராசசருக்குள் ஒவ்வொரு துடிப்பும் ஒரு கெடு. 4 கிகாஹெர்ட்ஸில் அந்தக் கெடு 250 பிக்கோ வினாடி; 5 கிகாஹெர்ட்ஸில் 200 பிக்கோ வினாடி. ஓரிடத்திலிருந்து கிளம்பும் சமிக்ஞை பல டிரான்சிஸ்டர்களைக் கடந்து, அந்தக் கெடுவுக்குள் அடுத்த இடத்தில் பதிவாக வேண்டும். வேகத்தைக் கூட்டக் கூட்டக் கெடு சுருங்குகிறது. உள்ளே இருக்கும் எண்ணற்ற பாதைகளில் மிக மெதுவானவைதான் முதலில் தவறுகின்றன. அந்தப் பாதைகளை எல்லாக் கட்டளைகளும் பயன்படுத்துவதில்லை. அதனால்தான் நாள் முழுவதும் ஒழுங்காக ஓடும் கம்ப்யூட்டர், குறிப்பிட்ட ஒரு மென்பொருளைத் திறந்தால் மட்டும் விழுகிறது. பழியும் அந்த மென்பொருள் மேல் விழுகிறது.

வோல்டேஜை உயர்த்தினால் டிரான்சிஸ்டர் வேகமாக மாறும். கெடுவுக்குள் வேலை முடியும். ஆனால் அதற்கான விலை அதிகம். சில்லு செலவழிக்கும் மின்திறன், வேகத்துக்கு நேர் விகிதத்திலும் வோல்டேஜின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்திலும் உயர்கிறது. வேகத்தை 10 சதவீதமும் வோல்டேஜை 10 சதவீதமும் கூட்டினால் மின்திறன் சுமார் 33 சதவீதம் ஏறும். கசிவு மின்னோட்டம் இதற்கும் மேல். அவ்வளவும் வெப்பமாகிறது. வெப்பம் ஏறினால் டிரான்சிஸ்டர் மறுபடி மெதுவாகிறது. வோல்டேஜைக் கூட்டிப் பெற்ற இடைவெளியை வெப்பம் தின்றுவிடும் ஓர் எல்லை எல்லாச் சில்லுக்கும் உண்டு. அந்த எல்லையைத் தாண்டியபின் வோல்டேஜைக் கூட்டுவது நிலையின்மையை அதிகமாக்கும்.

மூன்றாவதாக, பயாஸில் எழுதிய வோல்டேஜ் அப்படியே சில்லுக்குப் போய்ச் சேர்வதில்லை. மதர்போர்டின் மின் பாதையில் ஒரு மில்லி ஓம் தடை இருந்தால்கூட, 100 ஆம்பியர் ஓடும்போது 0.1 வோல்ட் குறையும். சும்மா இருக்கும் பிராசசருக்குத் திடீரென முழு வேலை வந்தால் இந்தச் சரிவு நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் நிகழ்கிறது. திரையில் வோல்டேஜ் காட்டும் மென்பொருள் அதைப் பார்க்கவே முடியாத அளவுக்கு மெதுவானது. இந்தச் சரிவை ஈடுகட்டப் பயாஸில் ‘லோட்லைன் கேலிப்ரேஷன்’ என்ற அமைப்பு இருக்கிறது. அதை உச்சத்தில் வைத்தால் சரிவு குறையும். ஆனால் வேலை முடிந்து சுமை இறங்கும் கணத்தில் வோல்டேஜ் துள்ளி ஏறும். அந்தத் துள்ளல் சில்லின் ஆயுளைக் குறைக்கும். நடுத்தர நிலையே பெரும்பாலும் பாதுகாப்பானது.

சூழலின் வெப்பத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். சித்திரை, வைகாசியில் ஆரணி, வேலூர் வட்டாரத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஒரே வேலை, ஒரே ஃபேன் வேகம் என்றால் அறை வெப்பம் எத்தனை டிகிரி ஏறுகிறதோ ஏறக்குறைய அத்தனை டிகிரி சில்லின் வெப்பமும் ஏறும். மார்கழிக் காலையில் 22 டிகிரி அறையில் 78 டிகிரியில் ஓடிய பிராசசர், சித்திரை மதியம் 40 டிகிரி அறையில் 96 டிகிரியைத் தொடும். இன்டெல்லின் பல டெஸ்க்டாப் பிராசசர்கள் 100 டிகிரியிலும், ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவை 95 டிகிரியிலும் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வெளிநாட்டில் யாரோ குளிரூட்டிய அறையில் பெற்ற எண்களை இங்கே அப்படியே பயாஸில் எழுதுவது, ஆறு மாதம் கழித்து வரப்போகும் கோளாறை இன்றே எழுதி வைப்பதாகும்.

முன் அனுபவங்கள்

ஓவர்கிளாக்கின் பொற்காலம் என்று பலரும் குறிப்பிடுவது 1998இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ பிராசசரை. 66 மெகாஹெர்ட்ஸ் பஸ் வேகத்தை 100 ஆக்கினால் 300 மெகாஹெர்ட்ஸ் சில்லு 450இல் ஓடியது. பெரும்பாலான சில்லுகள் அதைத் தாங்கின. காரணம், இன்டெல் அவற்றை மிகவும் அடக்கமான வேகத்துக்கு விற்றிருந்தது. இடைவெளி தாராளமாக இருந்தது. அந்த இடைவெளி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை இரண்டே ஆண்டுகளில் அதே நிறுவனம் கண்டது. 2000ஆம் ஆண்டு வெளியிட்ட 1.13 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3, லினக்ஸ் கெர்னலைத் தொகுக்கும் வேலையில் தோற்றது. வன்பொருள் விமர்சகர்கள் அதை அம்பலப்படுத்தியதும், ஆகஸ்ட் மாதத்தில் இன்டெல் அந்தச் சில்லுகளைத் திரும்பப் பெற்றது. கடையில் வாங்கிய அமைப்பிலேயே, யாரும் கைவைக்காமலே, சில்லு விளிம்பில் ஓட முடியும் என்பதற்கு அது முதல் பெரிய சாட்சி.

இன்றைய பிராசசர்கள் எல்லாமே அந்த விளிம்புக்கு அருகில்தான் ஓடுகின்றன. டர்போ, பூஸ்ட் என்ற பெயர்களில் மிச்சமிருந்த இடைவெளியை உற்பத்தியாளரே எடுத்துக்கொண்டுவிட்டார். 1998இல் 50 சதவீதம் கிடைத்த இடத்தில் இன்று ஐந்து சதவீதம் கிடைப்பதே அரிது. எல்லாக் கோர்களையும் ஒரே வேகத்தில் பூட்டி வைத்தால், ஒற்றைக் கோரின் உச்ச பூஸ்ட் வேகத்தை இழப்பதும் உண்டு. டிசைன் மென்பொருளில் பல வேலைகள் ஒற்றைக் கோரையே நம்பியிருக்கும். அங்கே ஓவர்கிளாக் செய்த கம்ப்யூட்டர் செய்யாததைவிட மெதுவாக ஓடவும் வாய்ப்பிருக்கிறது.

2011இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் சுமார் பத்து லட்சம் வீட்டுக் கம்ப்யூட்டர்களின் செயலிழப்புப் பதிவுகளை அலசி வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் முக்கியமானது. ஓவர்கிளாக் செய்த கம்ப்யூட்டர்கள் பிராசசர் பிழையால் விழுவது மற்றவற்றைவிடப் பல மடங்கு அதிகம் என்று அது காட்டியது. வேகம் குறைத்து ஓட்டியவை இயல்பு வேகத்தில் ஓடியவற்றைவிட நம்பகமாக இருந்தன. இன்னொரு முடிவை, வேலைக்குக் கம்ப்யூட்டரை நம்பியிருப்பவர்கள் மனத்தில் வைக்க வேண்டும். வன்பொருள் பிழையால் ஒருமுறை விழுந்த கம்ப்யூட்டர் மறுபடி விழும் வாய்ப்பு, ஒருமுறையும் விழாததைவிட நூறு மடங்கு வரை கூடுதல். ‘ஏதோ ஒரு தடவை ஆச்சு, விடு’ என்று கடந்து போவதற்கு இந்த எண் இடம் தரவில்லை.

அண்மைக்கால உதாரணம் இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறைப் பிராசசர்கள். 2024 தொடக்கத்தில் கோர் ஐ9-13900கே, 14900கே வைத்திருந்தவர்களுக்கு விளையாட்டுகள் தொடங்கும்போதே மூடிக்கொண்டன. திரையில் வந்த செய்தி, கிராபிக்ஸ் கார்டின் நினைவகம் போதவில்லை என்றது. பலர் கார்டை மாற்றியும் கோளாறு தீரவில்லை. சுருக்கி வைத்த தரவை விரிக்கும் கணக்கில் பிராசசர் தவறியதுதான் உண்மை. முதலில் மதர்போர்டுகள் மின்திறன் வரம்பைத் திறந்து விட்டிருந்தது குற்றம் சாட்டப்பட்டது. 2024 ஜூலையில், பிராசசருக்குள் இருக்கும் மைக்ரோகோட் எனும் அடிப்படை நிரல் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டதால் சில்லுகள் சேதமாகின்றன என்று இன்டெல் ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் 129 எனும் எண்ணுள்ள மைக்ரோகோட் திருத்தமும் செப்டம்பரில் 12பி திருத்தமும் வந்தன. வாரண்டி இரண்டு ஆண்டுகள் நீட்டிக்கப்பட்டது. ஏற்கெனவே சேதமான சில்லை எந்தத் திருத்தமும் மீட்காது என்பதையும் நிறுவனமே தெளிவுபடுத்தியது.

அதற்கு முந்தைய ஆண்டு, 2023 ஏப்ரலில், ஏஎம்டி ரைசன் 7000 வரிசைச் சில்லுகள் சில கருகிப்போனதாகச் செய்திகள் வந்தன. ரேம் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்போ அமைப்பைப் போட்டதும், சில மதர்போர்டுகள் எஸ்.ஓ.சி. வோல்டேஜை அளவுக்கு மீறி ஏற்றியதே காரணமாகச் சொல்லப்பட்டது. ஏஎம்டி அந்த வோல்டேஜுக்கு 1.3 வோல்ட் உச்சவரம்பு விதித்தது. ரேம் வேகத்தைக் கூட்டும் மற்றோர் அமைப்பான எக்ஸ்.எம்.பி.யும் எக்ஸ்போவும் ஒரு சொடுக்கில் போடக்கூடியவை. அதனால் அவை ஓவர்கிளாக் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அவையும் ஓவர்கிளாக்தான், நிலையின்மையைத் தேடும்போது முதலில் சந்தேகிக்க வேண்டியவற்றில் அடங்கும்.

கண்டறியும் வரிசை

முதல் வேலை கோப்புகளைக் காப்பது. தள்ளாடும் கம்ப்யூட்டரில் இருக்கும் வடிவக் கோப்புகளை அதே கம்ப்யூட்டரில் திறந்து, சேமித்து, படியெடுப்பது ஆபத்து. திறந்து சேமிக்கும்போதே பிட் மாறலாம். ஹார்டு டிஸ்க்கையோ எஸ்.எஸ்.டி.யையோ கழற்றி, சரியாக ஓடும் வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டிப் படியெடுப்பது நல்லது. முடியாவிட்டால் பயாஸில் இயல்பு நிலைக்குத் திரும்பிய பிறகு படியெடுக்க வேண்டும்.

அடுத்து, எல்லா அமைப்பையும் இயல்பு நிலைக்குக் கொண்டுவர வேண்டும். வேகம், வோல்டேஜ், ரேம் அமைப்பு, மதர்போர்டு தானாகப் போட்டுவைத்த ‘மேம்பாடுகள்’ எல்லாம் இதில் அடங்கும். திரையே வராத நிலையில், மின் இணைப்பைப் பிடுங்கி, மதர்போர்டில் உள்ள சிமாஸ் ஜம்பரைக் குறுக்கிணைப்பது அல்லது நாணய வடிவப் பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி வைப்பது வழக்கம். டி.டி.ஆர்.5 ரேம் உள்ள கம்ப்யூட்டர்கள் இதற்குப் பிறகு முதல் முறை எழும்பச் சில நிமிடங்கள்கூட எடுத்துக்கொள்ளும். ரேமின் நேரக்கணக்கை மதர்போர்டு புதிதாகக் கற்றுக்கொள்ளும் நேரம் அது. கருந்திரையைப் பார்த்துப் பயந்து சுவிட்சை அணைத்தால் வேலை மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

இந்தப் படியே சிக்கலைப் பாதியாகப் பிரித்துவிடுகிறது. இயல்பு நிலையிலும் கம்ப்யூட்டர் விழுந்தால், ஓவர்கிளாக் அமைப்பை இனி நோண்டுவதில் பயனில்லை. ரேம், எஸ்.எம்.பி.எஸ். எனும் மின் வழங்கி, டிஸ்க், டிரைவர், அல்லது நிரந்தரமாகச் சேதமான பிராசசர் என்று தேட வேண்டும். இயல்பு நிலையில் பல நாட்கள் ஒழுங்காக ஓடினால், முதலில் ரேம் அமைப்பை மட்டும் போட்டுச் சோதிக்க வேண்டும். அது தேறினால்தான் பிராசசரின் வேகத்தைத் தொட வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். மாற்றத்தையும் விளைவையும் ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதிவைப்பது, எந்த மென்பொருளையும்விட உதவும். ஒரே மூச்சில் வேகத்தைக் குறைத்து, வோல்டேஜைக் கூட்டி, ரேமையும் மாற்றினால் கோளாறு நின்றுபோகலாம். எதனால் நின்றது என்பது தெரியவே தெரியாது.

விழும் நேரமும் ஒரு தடயம். கனமான வேலை தொடங்கிச் சில நொடிகளில் விழுந்தால் வோல்டேஜ் சரிவு அல்லது எஸ்.எம்.பி.எஸ். மீது சந்தேகம் போகும். பத்து இருபது நிமிடம் கழித்து, வெப்பம் ஏறியபின் விழுந்தால் குளிரூட்டல். சும்மா இருக்கும்போது அல்லது சிறு வேலையில் விழுந்தால், குறைந்த வேகத்துக்கான வோல்டேஜ் போதவில்லை என்று பொருள். வோல்டேஜை எதிர்மறை ஆஃப்செட் கொடுத்துக் குறைத்தவர்கள் இந்தக் கடைசி வகையில் அடிக்கடி சிக்குகிறார்கள். முழுச் சுமைச் சோதனையில் எட்டு மணி நேரம் தேறிய கம்ப்யூட்டர், மௌஸை மட்டும் அசைத்த நேரத்தில் நின்றுபோகும்.

விண்டோஸின் ஈவென்ட் வியூவரைப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வரக்கூடாது. கெர்னல்-பவர் 41 என்ற பதிவைக் கண்டதும் எஸ்.எம்.பி.எஸ். போய்விட்டது என்று புதிதாக வாங்கியவர்கள் உண்டு. முறையாக ஷட்டவுன் ஆகாமல் கம்ப்யூட்டர் நின்றது என்பதற்கு மேல் அந்தப் பதிவு எதுவும் சொல்வதில்லை. தேட வேண்டியது ‘வீயா-லாகர்’ பதிவுகள். 18 என்றால் மீட்க முடியாத வன்பொருள் பிழை. 19 என்றால் பிழை நேர்ந்து, சில்லே திருத்திக்கொண்டது. 19 வந்தும் கம்ப்யூட்டர் தொடர்ந்து ஓடும். பயனர் எதையும் உணர மாட்டார். ஆனால் அது விளிம்பைத் தொட்டாயிற்று என்ற அறிவிப்பு. பதிவைத் திறந்தால் ‘ஏபிக் ஐ.டி.’ என்று ஓர் எண் இருக்கும். ஒரு கோரில் இரண்டு த்ரெட் ஓடும் பிராசசர்களில் பொதுவாக 0, 1 முதல் கோருக்கும், 2, 3 இரண்டாவதுக்கும் உரியவை. பத்துப் பதிவிலும் 8 அல்லது 9 என்றே வந்தால், ஐந்தாவது கோர் மட்டும் பலவீனமானது என்று தெரியும். ரைசனின் கர்வ் ஆப்டிமைசர் போன்ற அமைப்பில் அந்தக் கோருக்கு மட்டும் வோல்டேஜைத் திருப்பிக் கொடுத்தால் போதும். எல்லாவற்றையும் கலைக்க வேண்டியதில்லை. பிழை எண் சிதறிக் கிடந்தால் சந்தேகம் ரேம் பக்கமும் மின் வழங்கல் பக்கமும் திரும்பும்.

நீலத்திரைச் சொற்களும் ஓரளவுக்கு வழிகாட்டும். ‘வீயா அன்கரெக்டபிள் எரர்’, ‘கிளாக் வாட்ச்டாக் டைம்அவுட்’ இரண்டும் பெரும்பாலும் கோர் வோல்டேஜ் பற்றாமையைக் காட்டுகின்றன. ‘மெமரி மேனேஜ்மென்ட்’ ரேமைக் காட்டலாம். ஒவ்வொரு முறையும் வேறு வேறு சொல் வந்தால் அதுவே வன்பொருள் தள்ளாட்டத்துக்கு அடையாளம். மென்பொருள் பிழை இருந்தால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும்.

தூசும் மின்சாரமும்

பயாஸைத் தொடுவதற்கு முன் கேபினெட்டைத் திறந்து பார்ப்பது முறை. தறி ஓடும் வீட்டில் நூல் இழைத்தூசு காற்றோடு கலந்திருக்கும். அது ஹீட்சிங்கின் மெல்லிய தகடுகளுக்கு இடையில், ஃபேன் காற்றைத் தள்ளும் முகப்பில், ஒரு மெத்தை போலப் படிகிறது. ஃபேன் சுற்றுவது கண்ணுக்குத் தெரியும். காற்று போகாதது தெரியாது. ஃபேனைக் கழற்றிப் பார்த்தால்தான் அந்தப் படலம் புலப்படும். ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும். பிடிக்காமல் ஊதினால் அதிவேகத்தில் சுழன்று பேரிங் கெடும். பழைய தெர்மல் பேஸ்ட் காய்ந்து வெடித்திருந்தால் துடைத்துப் புதிதாக வைக்க வேண்டும். ஹீட்சிங்கின் நான்கு மூலையும் சமமாக இறுகியிருப்பதும் முக்கியம். ஒரு முளை கழன்றிருந்தால் சில கோர்கள் மட்டும் மற்றவற்றைவிட மிகவும் சூடாகத் தெரியும்.

நம் ஊர்களில் அதிகம் கவனிக்கப்படாத காரணம் மின்சாரம். பெயரளவு வோல்டேஜ் 230. அருகில் பெரிய மோட்டார் தொடங்கும்போது அது சற்று நேரம் சரியும். எஸ்.எம்.பி.எஸ். தனக்குள் சேமித்த மின்சாரத்தால் சுமார் 16 மில்லி வினாடி தாங்க வேண்டும் என்பது ஏ.டி.எக்ஸ். தர வழிகாட்டல். நமது மின்சாரத்தின் ஒரு சுழற்சியே 20 மில்லி வினாடி. மலிவான எஸ்.எம்.பி.எஸ். அந்தத் தரத்தைக்கூட எட்டுவதில்லை. ஓவர்கிளாக்கால் சுமை ஏறியிருந்தால் தாங்கும் நேரம் இன்னும் குறைகிறது. 600 வி.ஏ. என்று எழுதிய வீட்டு யு.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட் அளவுதான் தரும். ஓவர்கிளாக் செய்த பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்து அதைத் தாண்டினால், கரண்ட் போகும் கணத்தில் யு.பி.எஸ். கைவிடும். பயாஸை மாற்றி மாற்றிப் பார்த்தாலும் இந்தக் கோளாறு தீராது. 12 வோல்ட் லைனை மல்டிமீட்டரில், சுமையோடு அளந்தால் 11.4க்கும் 12.6க்கும் இடையில் இருக்க வேண்டும். எர்த்திங் சரியாக இருக்கிறதா என்பதையும் அதே நாளில் எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்த்துவிடுவது நல்லது.

சோதனை

வன்பொருளைச் சுத்தம் செய்து, இயல்பு நிலையை உறுதி செய்தபின் சுமைச் சோதனை. மெம்டெஸ்ட்86 போன்ற நிரலைப் பென் டிரைவிலிருந்து ஏற்றி இரவு முழுவதும் ரேமைச் சோதிக்கலாம். ஒரு பிழை வந்தாலும் அந்த அமைப்பு தோல்விதான். ‘ஒன்றுதானே’ என்ற சலுகை இல்லை. பிராசசருக்கு, பகா எண்களைத் தேடும் திட்டத்துக்காக ஜார்ஜ் வோல்ட்மன் எழுதிய பிரைம்95 நீண்டகாலமாகப் பயன்படுகிறது. அதன் சிறப்பு, முடிவு சரியா என்பதைத் தானே சரிபார்ப்பது. முழு எண்ணாக வர வேண்டிய விடை 0.5 அளவுக்கு விலகினால், 0.4க்குள் இருந்திருக்க வேண்டும் என்று பிழை சொல்லி நிற்கும். கம்ப்யூட்டர் விழவில்லை, ஆனால் கணக்கு தப்பு என்பதை நேரடியாகக் காட்டும் சோதனை இது. ஓ.சி.சி.டி., ஒய்-க்ரஞ்சர் ஆகியவையும் இவ்வாறே விடையைச் சரிபார்க்கின்றன. கோர்சைக்ளர் என்ற கருவி ஒவ்வொரு கோரையும் தனித்தனியாக உச்ச வேகத்தில் ஓட்டிப் பார்க்கும். எல்லாக் கோரும் ஒன்றாக ஓடும் சோதனையில் வெளிவராத பலவீனம் இதில் வெளிவரும்.

பத்து நிமிடச் சோதனை எதையும் நிரூபிப்பதில்லை. மெத்தப் படித்தவர்களும் செய்யும் தவறு, குளிர்ந்த நேரத்தில் சோதிப்பது. ஆரணியில் சோதிக்க ஏற்ற நேரம் சித்திரை மதியம் இரண்டு மணி. அப்போது தேறிய அமைப்பு மார்கழியிலும் தேறும் என்று பெரும்பாலும் நம்பலாம். தேறிய வேகத்திலேயே நிறுத்தாமல், அதற்குக் கீழே 100 அல்லது 200 மெகாஹெர்ட்ஸ் இறங்கி நிற்பது, வயதாகப் போகும் சில்லுக்காக விடும் இடைவெளி.

வயதாவது உண்மை. அதிக வோல்டேஜும் வெப்பமும் டிரான்சிஸ்டரின் தன்மையை மெல்ல மெல்ல மாற்றுகின்றன. மின்னோட்டம் உலோகக் கம்பிகளின் அணுக்களையே நகர்த்துகிறது. சென்ற ஆண்டு தேறிய அதே அமைப்பில் இந்த ஆண்டு கோளாறு வந்தால், தூசும் வெயிலும் காரணமில்லை என்று உறுதியானபின், சில்லு தேய்ந்துவிட்டது என்று கொள்ள வேண்டும். வோல்டேஜை இன்னும் ஏற்றினால் சில மாதம் ஓடும், தேய்மானம் வேகமெடுக்கும். வேகத்தைக் குறைப்பதுதான் சரி. இயல்பு வேகத்திலேயே தோற்றால் சில்லை மாற்ற வேண்டும்.

சத்தமில்லாத பிழை

விடை தவறி, எதுவும் விழாமல் போவது ஓவர்கிளாக்கில் மட்டும் நிகழ்வதில்லை. 2021இல் ஃபேஸ்புக் பொறியாளர்கள் தங்கள் சர்வர் ஒன்றின் கதையை வெளியிட்டார்கள். 1.1ஐ 53ஆம் அடுக்குக்கு உயர்த்தினால் விடையின் முழு எண் பகுதி 156 என்று வர வேண்டும். ஒரு குறிப்பிட்ட பிராசசரில் 59ஆம் கோர் மட்டும் அதற்கு 0 என்று விடை தந்தது. கோப்பின் அளவு பூஜ்யம் என்று கணக்கு வந்ததால், விரித்து எழுதப்பட வேண்டிய கோப்புகள் சத்தமில்லாமல் காணாமல் போயின. அதே கோர் வேறு கணக்குகளைச் சரியாகவே செய்தது. இயல்பு வேகத்தில் ஓடும், தேர்ந்தெடுத்த சர்வர் சில்லே இப்படிச் செய்யும்போது, இடைவெளியைத் தெரிந்தே குறைத்த சில்லை வேலைக்கு நம்புவது எவ்வளவு பெரிய துணிவு என்று சொல்லத் தேவையில்லை.

வடிவமைப்பு அறையில் இதைப் பிடிக்க வழி இருக்கிறது. பிட்மேப் கோப்பில் தன்னைத் தானே சரிபார்க்கும் எண் எதுவும் கிடையாது, பி.என்.ஜி. கோப்பில் உண்டு, ஆனால் சேமிப்பதற்கு முன்பே பிட் மாறியிருந்தால் அந்த எண்ணும் தப்பான படத்துக்கே பொருந்தும். எனவே முடித்த வடிவத்துக்கு ஒரு ஹேஷ் எண்ணைக் கணக்கிட்டு, பென் டிரைவில் ஏற்றியபின் வேறொரு கம்ப்யூட்டரில் அதே எண் வருகிறதா என்று பார்க்கலாம். படியெடுப்பதில் நேரும் பிழை இதில் பிடிபடும். வரையும்போது நேர்ந்த பிழை பிடிபட, பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து வித்தியாசத்தைத் திரையில் காட்டச் சொல்ல வேண்டும். கைவைக்காத இடத்தில் ஒரே ஒரு புள்ளி மின்னினால் அந்தக் கம்ப்யூட்டரை அன்றே நிறுத்த வேண்டும். அட்டை அடித்தபின் பிழையைக் கண்டால் ஓர் அட்டை போகும். பாவு ஏற்றி நெய்தபின் கண்டால் பட்டும் ஜரிகையும் நெசவாளியின் நாட்களும் போகும்.

பொழுதுபோக்குக்காக ஓவர்கிளாக் செய்பவர் மேலே சொன்ன வரிசையில் போனால் பெரும்பாலான கோளாறுகளைத் தாமே கண்டுபிடித்துவிடலாம். விளையாட்டு ஒரு முறை மூடிக்கொண்டால் அவருக்கு நஷ்டம் சில நிமிடம்தான். தறிக்கு அட்டை அடித்துத் தரும் கம்ப்யூட்டர் அந்த வகையைச் சேர்ந்ததில்லை. அதில் பிராசசர் இயல்பு வேகத்திலும், ரேம் அதன் அடிப்படை வேகத்திலும், பயாஸ் அண்மைத் திருத்தத்தோடும் இருக்க வேண்டும். இன்னும் வேகம் வேண்டும் என்றால் நல்ல எஸ்.எஸ்.டி., போதுமான ரேம், தரமான எஸ்.எம்.பி.எஸ். என்று அதே காசைச் செலவிட வேண்டும். பட்டு நெசவுக்கான வடிவமைப்பு அறையில் ஓவர்கிளாக் செய்யவே கூடாது.